வாகனப் பக்கப்பெட்டிப் பூட்டுப் பராமரிப்பு

வாகனப் பக்கப்பெட்டிப் பூட்டுப் பராமரிப்பு என்பது பேருந்து, சரக்குந்து, கேரவன் ஆகிய பெரிய வாகனங்களின் உடற்கூட்டில் வெளிப்புறமாகத் திறக்கும் பெட்டிகளின் பூட்டுகளைத் தூய்மைப்படுத்தி, உயவிட்டு, தடையின்றி இயங்கும் நிலையில் வைத்திருக்கும் பணி ஆகும். இப்பூட்டுகள் வாகனத்தின் ஏனைய பூட்டுகளைவிட நிலத்துக்கு அருகில், சக்கரங்கள் வீசும் சேற்றுக்கும் நீருக்கும் எதிரே அமைந்துள்ளன. அதனால் ஏனையவற்றுக்கு முன்பே இறுகிவிடுகின்றன. கடலோர ஊர்களில் இச்சிக்கல் மேலும் கடுமையானது. தஞ்சாவூர் மாவட்டத்தில் பாக்கு நீரிணைக் கரையில் அமைந்துள்ள அதிராம்பட்டினம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். கடற்காற்று, உப்பளம், மீன் ஏற்றும் வண்டிகளிலிருந்து வடியும் உப்புநீர், நெல்வயல்களின் தூசு ஆகிய நான்கும் அங்கு ஒன்றுசேர்கின்றன.

பூட்டு இறுகினால் எண்ணெய் விடுவதே பரவலான வழக்கம். ஆனால் உப்புப் படிந்த பூட்டுக்கு முதலில் தேவைப்படுவது நன்னீர். எண்ணெய் அதன் பின்னரே. உப்பை நீக்காமல் இடப்படும் எண்ணெய், அவ்வுப்பை உலோகத்தோடு சேர்த்து மூடிவைக்கின்றது.

பெயர்களும் வகைகளும்

தமிழ்நாட்டில் பேருந்தின் பக்கவாட்டில் பயணிகளின் மூட்டை முடிச்சுகளை வைக்கும் அறையை மக்கள் டிக்கி என்றே அழைக்கின்றனர். சரக்குந்துகளில் கருவிகள் வைக்கும் சிறு பெட்டி டூல்பாக்ஸ் எனப்படுகின்றது. மின்கலம் இருக்கும் இடம் பேட்டரி பெட்டி ஆகும். கேரவன் என்னும் சொல் தமிழ்நாட்டில் பெரும்பாலும் திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியையே குறித்துவந்தது. சமைத்து, உறங்கி, ஊர் சுற்றுவதற்கான வீட்டு வண்டி என்ற பொருள் அண்மைக் காலத்திலேயே பரவியுள்ளது. அண்டை மாநிலமான கேரளம் 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் இவ்வகை வண்டிகளுக்கான வகை ஒப்புதல் நடைமுறையை ஏஐஎஸ்-124 என்னும் தர ஆவணம் வகுத்துள்ளது. இக்கட்டுரையில் இவ்வெளிப்பெட்டிகள் அனைத்தும் பக்கப்பெட்டி என்ற பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

இப்பெட்டிகளில் நான்கு வகையான பூட்டுகளைப் பரவலாகக் காணலாம். மிகப் பழையது கொண்டியும் நாதாங்கியும் வைத்து அதில் தொங்குபூட்டை மாட்டுவது. சரக்குந்துகளில் இன்றும் இதுவே பெரும்பான்மை. பேருந்துகளின் டிக்கிக் கதவுகளில் சதுரத் துளையுடைய திருகு தாழ் உண்டு. நடத்துநரோ உதவியாளரோ வைத்திருக்கும் சதுரமுனைத் திறவுகோலால் அதனைத் திருப்புவர். இது பூட்டு என்பதைவிடத் தாழ்ப்பாள் என்பதே பொருத்தம். அளவு ஒத்த எந்தத் திறவுகோலும் அதனைத் திறந்துவிடும். மூன்றாவது வகையான நாக்குப் பூட்டு, கேரவன்களிலும் புதிய பேருந்துகளிலும் மிகுதி. சாவியைத் திருப்பும்போது பின்புறம் உள்ள உலோக நாக்கு கால் வட்டம் சுழன்று சட்டத்தின் பின்னால் மாட்டிக்கொள்ளும். நான்காவது, கைப்பிடியை இழுத்தவுடன் விடுபட்டு, கதவை அறைந்தவுடன் தானே பூட்டிக்கொள்ளும் அமுக்குத் தாழ். இதற்குள்ளும் சாவித்துளையுடன் கூடிய சிறு உருளை உண்டு.

அமைப்பு

நாக்குப் பூட்டின் உள்ளே பெரும்பாலும் இருப்பது தகட்டு உருளை ஆகும். கூட்டுக்குள் ஓர் உருளைக் கரு சுழலும். அக்கருவின் குறுக்கே மெல்லிய தகட்டுத் துண்டுகள் சிறு சுருள்விற்களால் வெளியே தள்ளப்பட்டு, கூட்டின் பள்ளத்தில் பதிந்து, கரு சுழலாமல் தடுக்கின்றன. சரியான சாவியை நுழைத்தால் தகடுகள் யாவும் கருவின் மட்டத்துக்கு உள்வாங்கும், கரு சுழலும். அமெரிக்காவில் 1868-ஆம் ஆண்டு பைலோ பெல்ட்டர் பெற்ற காப்புரிமையே இவ்வகைப் பூட்டின் பழைய பதிவுகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. வீட்டுக் கதவுகளில் காணப்படும் ஊசி உருளைப் பூட்டுக்கு லைனசு யேல் இளையவர் 1861-இல் காப்புரிமை பெற்றிருந்தார். தகட்டுப் பூட்டு அதனைவிட மலிவானது, சிறியது. ஆயினும் அதன் தகடுகள் மெல்லியவை. சுருள்விற்கள் தலைமுடி போன்றவை. ஒரு மணல் துகளோ ஓர் உப்புப் படிகமோ ஒரு தகட்டை உள்வாங்கவிடாமல் செய்யப் போதுமானது. மற்ற எல்லாத் தகடுகளும் ஒழுங்காக இருந்தாலும் பூட்டு திறக்காது.

திண்டுக்கல் பூட்டு இதற்கு நேர்மாறான இயல்புடையது. கையால் செய்யப்படும் அப்பூட்டுகளில் நெம்புத் தகட்டு முறை கையாளப்படுகின்றது. இம்முறையில் பாகங்கள் பெரியவை. அவற்றுக்கிடையே இடைவெளியும் மிகுதி. ஆகவே தூசையும் துருவையும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சரக்குந்து ஓட்டுநர்கள் நாக்குப் பூட்டை நம்பாமல் தொங்குபூட்டையே விரும்புவதில் பழமைப் பற்று மட்டுமல்ல, பொறியியல் காரணமும் உண்டு.

நாக்குப் பூட்டுகளின் கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்யப்படுகின்றது. மேலே குரோமியம் பூசப்பட்டிருக்கும். தகடுகள் பித்தளை, சுருள்விற்களும் நாக்கும் எஃகு. ஒரு விரல் கனமுள்ள பொருளுக்குள் மூன்று நான்கு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதைப் பராமரிப்பவர் நினைவில் கொள்ளவேண்டும்.

உப்புக் கடற்கரையில் பழுதாகும் விதம்

சாதாரண உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்துள்ளது. அதுவோ ஏறத்தாழ 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கத் தொடங்கும். எனவே கடலுப்புப் படிந்த பூட்டு மழையில் நனைய வேண்டியதில்லை. வெயிலடிக்கும் பகலிலும் அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊரில் இரவு ஈரப்பதம் உயர்ந்தே காணப்படுவதால் இப்படலம் ஒவ்வோர் இரவும் புதுப்பிக்கப்படுகின்றது. நிறுத்திவைக்கப்பட்ட வண்டியின் பூட்டு, ஓடும் வண்டியின் பூட்டைவிட விரைவில் இறுகுவதற்கு இது ஒரு காரணம். தகடுகள் அசையாமல் ஒரே இடத்தில் இருக்க, அரிப்பின் விளைபொருள் அவற்றைச் சுற்றி நிரம்பிவிடுகின்றது.

உப்புநீர் மின்பகுபொருளாகச் செயல்பட, தொட்டுக்கொண்டிருக்கும் இரு உலோகங்களில் ஒன்று மற்றொன்றுக்காகக் கரைகின்றது. இது மின்வேதி அரிப்பு எனப்படும். கடல்நீரில் உலோகங்களின் வரிசையைப் பார்த்தால் துத்தநாகம் மிக எளிதில் கரையும் பக்கத்தில் உள்ளது. அதையடுத்து அலுமினியம், எஃகு, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு என்று வரிசை செல்லும். மறுகோடியில் இருப்பது காரீயகம் எனப்படும் கிராபைட்டு. ஆகவே பூட்டின் துத்தநாகக் கூடே முதலில் பலியாகும். வெள்ளை மாவு போன்ற படிவு சாவித்துளையில் தெரிந்தால், அது துத்தநாகம் அரிபட்டதன் அடையாளம். செம்பழுப்புப் படிவு எஃகுச் சுருள்வில்லோ நாக்கோ துருப்பிடித்ததையும், பச்சைப் படிவு பித்தளையின் செம்பு அரிபட்டதையும் காட்டும். படிவின் நிறத்தைக் கொண்டே எப்பாகம் கெட்டுவருகின்றது என்பதை ஓரளவு கணிக்கலாம்.

பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது, பேரலைகள் இல்லாதது. அலை உடைந்து தெறிக்கும் திறந்த கடற்கரைகளோடு ஒப்பிட்டால் இங்குக் காற்றில் பறக்கும் உப்புத் துளி குறைவாகவே இருக்கும். ஆனால் பூட்டுகளுக்கு உப்பு வேறு வழிகளில் வந்துசேர்கின்றது. பருவமழை ஓய்ந்தபின் கோடை முழுவதும் உப்பளங்களில் உப்பு வாரப்படும். ஏற்றிச்செல்லும் வண்டிகளிலிருந்து சாலையில் சிந்தும். மீன் பெட்டிகளில் உருகும் பனிக்கட்டி நீர், உப்பும் கரிமப் பொருளும் கலந்து வண்டியின் பக்கவாட்டில் வழியும். இவ்வூர் வழியே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பின்னால் வரும் பேருந்தின் டிக்கிப் பூட்டு, முன்னால் செல்லும் வண்டி வீசும் இந்நீரை நேரடியாக வாங்குகின்றது.

புயற்காலம் இன்னொரு நிலைமை. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கசா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் பெருமளவில் சாய்ந்தன. அத்தகைய காற்று கடல்நீர்த் துளிகளைக் கரையிலிருந்து வெகுதொலைவு உள்ளே கொண்டுவந்துவிடும். புயலுக்குப் பின் வண்டியை நன்னீரால் கழுவும்போது பக்கப்பெட்டிப் பூட்டுகளையும் மறவாமல் கழுவவேண்டும் என்பது வெள்ளம் வராத ஊருக்கும் பொருந்தும்.

டெல்டாவின் பங்கு தூசு. குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் பதரும் வைக்கோல் துகளும் காற்றில் நிறைந்திருக்கும். நெல் உமியில் சிலிக்கா மிகுந்துள்ளது. எனவே அதன் தூள் மென்மையான பொருள் அன்று, தேய்க்கும் பொருள். எண்ணெய் வழியும் சாவித்துளையில் அது ஒட்டிக்கொண்டால் அரைக்கும் பசையாக மாறும். வெளிமாவட்டங்களிலிருந்து வரும் அறுவடை இயந்திரங்களின் கருவிப் பெட்டிகளில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

உயவுப் பொருட்கள்

தென்னை வளம் மிக்க பகுதியாதலால் இங்கு இறுகிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது இயல்பான பழக்கம். முதல் நாள் பூட்டு இலகுவாகத் திறக்கும். அதனாலேயே இப்பழக்கம் நிலைத்துள்ளது. ஆனால் தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும் தன்மையது. மார்கழி, தை மாத விடியற்காலையில் பூட்டுக்குள் அது மெழுகுபோல் கெட்டியாகும். நாட்பட்டுச் சிக்குப் பிடிக்கும்போது உருவாகும் கொழுப்பமிலங்கள் பித்தளையைப் பச்சையாக்கும். நல்லெண்ணெய் இதனைவிடத் தீங்கானது. அது காற்றுப் பட்டால் மெல்ல இறுகிப் பிசினாகும் எண்ணெய் வகையைச் சேர்ந்தது. சமையலறை எண்ணெய்கள் எவையும் பூட்டுக்கு உகந்தவை அல்ல.

மண்ணெண்ணெயும் டீசலும் உயவுப் பொருட்கள் என்பதைவிடக் கழுவும் திரவங்கள் எனலாம். பழைய பிசினையும் அழுக்கையும் கரைக்க அவை பயன்படும். ஆனால் மண்ணெண்ணெய் ஆவியானபின் உலோகத்தின்மேல் காப்புப் படலம் எதுவும் நிற்காது. உப்பையும் அது கரைக்காது. பணிமனைகளில் எளிதாகக் கிடைக்கும் கழிவு ஆயிலைப் பூட்டில் விடுவதை முற்றாகத் தவிர்க்கவேண்டும். அதில் கரித்துகள், உலோகத்துகள், எரிதலின்போது உண்டான அமிலப் பொருட்கள் ஆகியன கலந்துள்ளன.

டபிள்யூடி-40 என்னும் தெளிப்பான் 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உருவாக்கப்பட்டது. நீரை இடம்பெயர்க்கும் நாற்பதாவது வாய்பாடு என்பதே அதன் பெயர்ப்பொருள். அட்லாசு ஏவுகணையின் மேற்தோலைத் துருவிலிருந்து காப்பதற்கு அது முதலில் பயன்பட்டது. கழுவிய பூட்டில் தங்கிய ஈரத்தை வெளியேற்றவும், இலேசாக இறுகியதைத் தளர்த்தவும் அது மிகவும் ஏற்றது. ஆயினும் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் மெல்லியது. மழைக்காலம் முழுவதற்கும் நிற்காது. எனவே அதனை முதலுதவியாகக் கொண்டு, அதன்பின் நிலைத்து நிற்கும் உயவை இடுவது நல்லது.

கிராபைட்டுத் தூள் பூட்டுகளுக்கு உரிய உலர் உயவு என்று பல நூல்களும் பரிந்துரைக்கின்றன. தூசு ஒட்டாது என்பது அதன் பெரும் நன்மை. உள்நாட்டு ஊர்களில், குறிப்பாக மழைபடாத பூட்டுகளில், இப்பரிந்துரை சரியே. கடற்கரையில் அது அவ்வளவாகப் பொருந்தாது. மேற்கூறிய மின்வேதி வரிசையில் கிராபைட்டு துத்தநாகத்துக்கு மறுகோடியில் உள்ளது. உப்புநீர் படர்ந்த துத்தநாகக் கூட்டில் கிராபைட்டைத் தூவுவது அரிப்பை விரைவுபடுத்தும். பென்சில் முனையைச் சாவியில் தேய்க்கும் பழக்கமும் இதன்பாற்பட்டது. அம்முனையில் களிமண்ணும் கலந்துள்ளது. கிராபைட்டையும் எண்ணெயையும் ஒரே பூட்டில் இடுவதோ எவ்விடத்திலும் தவறு. இரண்டும் சேர்ந்து கரும்பசையாகித் தகடுகளைச் சிக்கவைக்கும்.

கடலோர வண்டிகளுக்கு ஓரளவு முழுமையாகப் பொருந்துவது டெஃப்லான் என்று அறியப்படும் பிடிஎஃப்இ கலந்த உலர் தெளிப்பான் ஆகும். பிடிஎஃப்இ 1938-இல் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலாளரால் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. இத்தெளிப்பானின் கரைப்பான் ஆவியானபின் மெல்லிய வழுக்குப் படலம் மட்டும் எஞ்சும். அது மின்சாரம் கடத்தாததால் மின்வேதி அரிப்பைத் தூண்டாது. பதர்த் தூளையும் ஈர்க்காது. உருளைக்கு அதுவும், பின்புறம் உள்ள நாக்கு, கீல், கொண்டி ஆகியவற்றுக்கு நீர்தாங்கும் கிரீசும் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு எளிது. கிரீசை ஒருபோதும் சாவித்துளைக்குள் இடக்கூடாது.

சிலிக்கோன் தெளிப்பானின் இடம் வேறு. கதவு விளிம்பில் ஒட்டப்பட்டுள்ள ரப்பர் பட்டைகளுக்கு அதுவே ஏற்றது. கனிம எண்ணெயும் சாதாரண கிரீசும் பலவகை ரப்பர்களை ஊதிப் பெருக்கச் செய்யும். பட்டை பெருத்தால் கதவு முழுவதும் மூடாது. நாக்கின்மேல் அழுத்தம் கூடும். பழி பூட்டின்மேல் விழும். அதேவேளை, வண்ணம் பூசவிருக்கும் வண்டியில் சிலிக்கோன் தெளித்தால் புது வண்ணம் ஒட்டாமல் குழி குழியாக விலகும். ஆகவே வண்ணப்பூச்சுக்கு முன் அதனைத் தவிர்க்கவேண்டும்.

பராமரிக்கும் முறை

முதலில் பூட்டின் முகத்தையும் சாவித்துளையையும் உலர்ந்த தூரிகையால் துடைத்துத் தளர்ந்த தூசை அகற்றவேண்டும். பின்னர் கதவைத் திறந்துவைத்து, ஊசியில்லாத மருத்துவப் பீச்சுகுழலால் நன்னீரைச் சாவித்துளைக்குள் மெல்லச் செலுத்தவேண்டும். பின்புறம் வழியாக வெளியேறும் நீர் தெளிவாகும்வரை இதனைத் தொடரலாம். நடுவில் சாவியை நுழைத்து எடுத்தால் தகடுகளுக்கிடையே உள்ள உப்பும் கரையும். வாகனங்களுக்கு நீர் அடிக்கும் நிலையங்களில் உள்ள உயர் அழுத்தக் குழாயைச் சாவித்துளைக்கு நேரே பிடிப்பது தீங்கானது. அது மணலை உள்ளே தள்ளும்.

எந்த நீர் என்பது இங்குச் சிறு விசயம் அன்று. கடலோரப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அந்நீரால் கழுவுவது உப்பை எடுத்து உப்பையே வைப்பதாகும். ஐயமிருப்பின் ஒரு துளி நீரைக் கண்ணாடித் துண்டில் விட்டு உலரவைக்கலாம். தடித்த வெள்ளை வளையம் எஞ்சினால் அந்நீர் பூட்டுக்கு உதவாது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. தொட்டியில் தேக்கப்பட்ட மழைநீர் கிடைக்குமானால் இப்பணிக்கு அதனினும் சிறந்தது வேறில்லை. ஒரு வண்டியின் பூட்டுகள் அனைத்துக்கும் ஒரு செம்பு நீர் போதுமானது.

கழுவியபின் முழுவதும் உலர்த்தவேண்டும். பஞ்சர் கடையில் டயருக்குக் காற்று அடிக்கும் குழாயைக் கொண்டு சாவித்துளையில் சில நொடிகள் ஊதினால் பெரும்பகுதி ஈரம் போய்விடும். எஞ்சியதை நீர் நீக்கும் தெளிப்பான் வெளியேற்றும். அது வடிந்தபின் பிடிஎஃப்இ தெளிப்பானை ஒரு நொடி அளவே செலுத்தி, சாவியைப் பலமுறை நுழைத்துத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சாவியைத் துணியில் துடைக்கவேண்டும். துணியில் கறை வருவது நின்றால் பணி முடிந்தது. கரைப்பான் ஆவியாகும்வரை சற்று நேரம் கதவைத் திறந்தே வைத்திருப்பது நல்லது.

பின்புறத்தையும் பார்க்கவேண்டும். நாக்கைப் பிடித்திருக்கும் மறை, வண்டியின் அதிர்வால் தளரும். தளர்ந்தால் நாக்கு சாய்ந்து சட்டத்தில் இடிக்கும். அதனை இறுக்கி, வில்வளையம் இல்லையெனில் ஒன்றைச் சேர்க்கலாம். கீல்கள் தேய்ந்து கதவு தொங்கியிருந்தாலும் பூட்டு இறுகியதுபோலத் தோன்றும். கதவு திறந்திருக்கும்போது சாவி இலகுவாகத் திரும்பி, மூடியபின் திரும்பாவிட்டால் குறை பூட்டில் இல்லை. கதவின் பொருத்தத்தில் உள்ளது. இவ்வெளிய சோதனையைச் செய்யாமலேயே நல்ல பூட்டுகள் பல மாற்றப்படுகின்றன.

கால இடைவெளியைப் பொறுத்தவரை, உற்பத்தியாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை எனப் பொதுவாகக் குறிப்பிடுவர். டெல்டாக் கடற்கரையில் பருவங்களையே அளவாகக் கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும், மழை ஓய்ந்து சம்பா அறுவடைத் தூசு அடங்கியபின் மாசியில் ஒருமுறையும் முழுப் பராமரிப்பு செய்வது பொருத்தம். மீனோ உப்போ ஏற்றும் வண்டிகளுக்கு மாதம் ஒருமுறை நன்னீர்க் கழுவலும் தேவை. ஓடாமல் நிற்கும் வண்டியாயின் வாரம் ஒருமுறை எல்லாப் பூட்டுகளையும் திறந்து மூடினாலே பாதிச் சிக்கல் குறையும். வெளிநாட்டில் பணிபுரிவோர் ஊரில் நிறுத்திவைத்துச் செல்லும் வாகனங்களுக்கும் இது பொருந்தும்.

இறுகிய பூட்டைத் திறத்தல்

சாவி நுழைந்தும் திரும்பாத நிலையில் விசையைக் கூட்டுவது சாவியை ஒடிப்பதில் முடியும். முதலில் ஒரு கையால் கதவை உள்நோக்கி அழுத்திக்கொண்டு மறுகையால் சாவியைத் திருப்பிப் பார்க்கவேண்டும். நாக்கின்மேல் உள்ள பளு நீங்கினால் பெரும்பாலும் திறந்துவிடும். திறக்காவிடில் ஊடுருவும் எண்ணெயைச் செலுத்தி, அரை மணி நேரமாவது காத்திருந்து, சாவியை நுழைத்தபடியே அதன் தலையை மரத்துண்டால் மென்மையாகத் தட்டலாம். இச்சிறு அதிர்வு, சிக்கிய தகடுகளை விடுவிக்கும். சாவியே நுழையாவிட்டால் உள்ளே அரிப்புப் பொருள் அடைத்துள்ளது எனக் கொள்ளலாம். மெல்லிய எஃகுக் கம்பியால் அதனைச் சுரண்டி எடுத்தபின் மீண்டும் முயலவேண்டும்.

தேய்ந்த சாவியும் ஒரு காரணமாகலாம். தேய்ந்த சாவியை வைத்து வெட்டிய புதுச்சாவி அத்தேய்மானத்தையும் படியெடுத்துக்கொள்ளும். எனவே வண்டி வாங்கும்போது வரும் இரண்டாவது சாவியைப் புழக்கத்தில் விடாமல் தனியே வைத்து, படியெடுக்க அதனையே பயன்படுத்துவது சிறந்தது.

சூடுகாட்டித் தளர்த்துவது பட்டறைகளில் காணப்படும் முறை. பக்கப்பெட்டிகளில் இதனைச் செய்யவே கூடாது. உள்ளே மின்கலமோ எரிவாயு உருளையோ டீசல் குழாயோ இருக்கலாம். வழிகள் யாவும் பயனளிக்காதபோது உருளையைத் துளையிட்டு எடுத்துவிட்டுப் புதிய பூட்டைப் பொருத்துவதே முறை. நாக்குப் பூட்டு விலை மலிவானது. நெம்பி வளைத்த கதவைச் சீர்செய்யும் செலவு அதனைவிடப் பன்மடங்கு.

பாதுகாப்பு

பக்கப்பெட்டிப் பூட்டு இறுகுவது பெரும்பாலும் சிறு எரிச்சலாகவே கருதப்படுகின்றது. ஆனால் பெட்டிக்குள் என்ன உள்ளது என்பதைப் பொறுத்து அது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம். மின்கசிவால் புகை வரும்போது மின்கல இணைப்பைத் துண்டிக்கும் விசை இறுகிய கதவுக்குப் பின்னால் இருந்தால் பயனில்லை. கேரவனில் சமையல் எரிவாயு உருளையின் அடைப்பிதழும் அவ்வாறே. தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைப் பூட்டிய பக்கப்பெட்டியில் வைப்பதே தவறு. வண்டியில் பல பூட்டுகள் இருந்து நேரம் குறைவாக இருந்தால், எரிவாயுப் பெட்டி, மின்கலப் பெட்டி ஆகியவற்றின் பூட்டுகளையே முதலில் கவனிக்கவேண்டும். மூட்டைப் பெட்டி காத்திருக்கலாம்.

இவ்விரு பெட்டிகளுக்கும் தனிக் கவனம் தேவை. ஈய அமில மின்கலம் மின்னேற்றப்படும்போது ஐதரசன் வளி வெளிப்படும். அமில ஆவி பூட்டையும் அரிக்கும். மின்கலப் பெட்டிப் பூட்டில் வெள்ளைப் படிவு இருந்தால் சமையல் சோடா கரைத்த நீரால் முதலில் துடைத்து அமிலத்தைச் சமன்செய்து, பின் நன்னீரால் கழுவவேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பெட்டியின் அடியில் தங்கும். அதற்காகவே அடித்தளத்தில் காற்றுத் துளைகள் விடப்படுகின்றன. தூசு வராமலிருக்கத் துணியாலோ கிரீசாலோ அத்துளைகளை அடைப்பது பேராபத்து. தெளிப்பான் குப்பிகளில் உந்துவளியாகப் பெரும்பாலும் எரியக்கூடிய வளியே உள்ளதால், இப்பெட்டிகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, தீப்பொறிக்கு இடமில்லாதவாறே தெளிக்கவேண்டும்.

களவுக் காப்பு என்ற நோக்கில் நாக்குப் பூட்டுகள் வலிமையானவை அல்ல. வட அமெரிக்காவில் தயாரான கேரவன்கள் பலவற்றின் பக்கப்பெட்டிகள் சிஎச்751 என்னும் ஒரே குறியெண் கொண்ட சாவியால் திறக்கக்கூடியவை. ஒருவரின் சாவி அடுத்தவர் வண்டியையும் திறக்கும். பேருந்துகளின் சதுரத் திறவுகோலின் நிலையும் இதுவே. ஆகவே விலையுயர்ந்த பொருட்களைப் பக்கப்பெட்டியில் வைப்போர், எவ்வளவு நன்றாக உயவிட்ட பூட்டாயினும், கூடுதலாகக் கொண்டியும் தொங்குபூட்டும் பொருத்துவது தக்கது.

மாற்றுப் பூட்டைத் தேர்தல்

மாற்றும்போது பழைய பூட்டின் கழுத்து நீளம், துளையின் விட்டம், நாக்கின் நீளமும் வளைவும் ஆகியவற்றை அளந்துகொள்ளவேண்டும். கழுத்து நீளம் 16, 20, 25, 30 மி.மீ. எனப் பல அளவுகளில் கிடைக்கின்றது. கதவின் கனத்தோடு அது பொருந்தாவிட்டால் நாக்கு சட்டத்தை எட்டாது அல்லது ஆடும். கடலோரப் பயன்பாட்டுக்குக் குரோமியம் பூசிய துத்தநாகத்தைவிடத் துருப்பிடிக்காத எஃகுக் கூடு நீடிக்கும். 316 தரம், 304-ஐ விட உப்பைத் தாங்கும். ஆனால் அலுமினியக் கதவில் துருப்பிடிக்காத எஃகுப் பூட்டை நேரே பொருத்தினால் மின்வேதி வரிசைப்படி இம்முறை கதவு அரிபடும். இடையில் ரப்பர் அல்லது நெகிழி வளையம் ஒன்றை வைத்து இரு உலோகங்களையும் பிரிக்கவேண்டும்.

விற்பனையாளர்கள் உப்புத் தெளிப்புச் சோதனையில் இத்தனை மணி நேரம் தாங்கியது என்று விளம்பரப்படுத்துவதுண்டு. 5 விழுக்காடு உப்புக்கரைசலை 35 பாகை செல்சியசில் தொடர்ந்து தெளிக்கும் இச்சோதனை 1939 முதல் அமெரிக்கத் தர நடைமுறையாக உள்ளது. இரு பூட்டுகளின் மேற்பூச்சை ஒப்பிட அது உதவும். அம்மணிக் கணக்கை ஆண்டுக் கணக்காக மாற்ற வாய்பாடு எதுவும் இல்லை. உப்பில் நனைவதும் வெயிலில் காய்வதும் மாறிமாறி நிகழும் சாலை வாழ்க்கையை அப்பெட்டி காட்டுவதில்லை. சாவித்துளைக்கு மேல் தானே மூடிக்கொள்ளும் சிறு மூடி உள்ளதா, கூட்டின் அடிப்பக்கத்தில் நீர் வடியத் துளை உள்ளதா என்ற இரண்டையும் கடையிலேயே பார்த்து வாங்குவது அவ்வெண்ணைவிடப் பயனுள்ளது. மூடி மட்டும் இருந்து வடிதுளை இல்லாத பூட்டு, உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது.

தொங்குபூட்டுக்கு மேலே பழைய டயர்க் குழாயின் ரப்பர்த் துண்டை மடலாகத் தொங்கவிடும் வழக்கம் சரக்குந்துகளில் உண்டு. மேலிருந்து மழையையும் முன்னிருந்து சேற்றையும் தடுத்து, கீழே திறந்திருப்பதால் காற்றும் புகவிடும் இம்முறையை நாக்குப் பூட்டுகளுக்கும் பின்பற்றலாம்.